காதல் நாவல் வாசகியின் கைக்கு வந்த வழி: மில்ஸ் அண்ட் பூன், ஹார்லெக்வின் வரலாறு

நாவல் வாங்குகிறவர்கள் சாதாரணமாக எழுத்தாளரின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். மில்ஸ் அண்ட் பூன் என்ற பிரிட்டிஷ் காதல் நாவல் பதிப்பகத்துக்கு அந்த வழக்கம் பொருந்தாது. அங்கே பதிப்பகத்தின் பெயரே புத்தகத்தின் பெயர். ‘ஒரு மில்ஸ் அண்ட் பூன் படித்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அது என்ன மாதிரிக் கதை, எப்படி முடியும், ஏறக்குறைய எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஒரு நிறுவனம் இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், காதலைப் பற்றிய பேச்சைவிட விநியோகத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம் கிடைக்கிறது. புத்தகம் எந்த வழியாக வாசகியிடம் போனதோ, அந்த வழிதான் அட்டையையும் பக்க அளவையும் தீர்மானித்தது. கதாநாயகி எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக்கூட அதுதான் தீர்மானித்தது. வழி மாறிய ஒவ்வொரு முறையும் கதையும் மாறியது.

1908ல் லண்டனில் ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் சேர்ந்து 1,000 பவுண்டு முதலீட்டில் இந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மெத்யூன் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர்கள். மில்ஸுக்குப் பாடப்புத்தகங்கள் அத்துப்படி, பூனுக்கு விற்பனை. காதல் கதைகளுக்கென்றே ஒரு நிறுவனம் என்ற எண்ணம் அப்போது இருவருக்குமே கிடையாது. 1909ல் வந்த முதல் புத்தகம், சோஃபி கோல் எழுதிய ‘ஆரோஸ் ஃப்ரம் த டார்க்’, காதல் கதையாக அமைந்தது தற்செயல்தான். பாடப்புத்தகம், பயணநூல், கைவேலை நூல், நாவல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டார்கள். பி.ஜி. வுட்ஹவுஸின் நாவல் ஒன்று 1912ல் இங்கே வந்தது. ஜாக் லண்டனின் புத்தகங்களைப் பிரிட்டனில் வெளியிட்டதும் இவர்களே. பின்னாளில் சரித்திரக் காதல் நாவலுக்குப் பெயர் பெற்ற ஜார்ஜெட் ஹேயர், ஸ்டெல்லா மார்ட்டின் என்ற புனைபெயரில் 1923ல் எழுதியதையும் இவர்கள்தான் வெளியிட்டார்கள். ஆனால் பெயர் வாங்கிய எழுத்தாளர்கள் அதிகப் பணம் கேட்டு வேறு பதிப்பகங்களுக்குப் போனார்கள். 1928ல் மில்ஸ் இறந்தபோது கையிருப்பு மெலிந்துபோயிருந்தது.

இங்கேதான் முதல் திருப்பம். 1930களில் பிரிட்டனில் ஒரு புதிய கெட்டி அட்டை நாவல் 7 ஷில்லிங் 6 பென்ஸ். தட்டச்சு வேலைக்கோ கடை வேலைக்கோ போகிற ஒரு பெண் அந்த விலை கொடுத்து வாங்க முடியாது. அவர் வாடகைக்கு எடுத்துப் படிப்பார். பூட்ஸ் என்ற மருந்துக்கடைத் தொடர் தன் கிளைகளில் நூலகம் வைத்திருந்தது; டபிள்யூ.எச். ஸ்மித்தும் வைத்திருந்தது. இவற்றுக்குக் கீழே, சிகரெட் கடையிலும் பத்திரிகைக் கடையிலும் ஒரு அலமாரியை வைத்து இரண்டு பென்ஸுக்குப் புத்தகம் கொடுக்கிற ‘டூபென்னி லைப்ரரி’கள் புற்றீசல் மாதிரி முளைத்தன. உறுப்பினர் கட்டணமும் முன்பணமும் இல்லை. எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும்.

சார்லஸ் பூன் இந்த அலமாரிகளைக் குறிவைத்தார். பாடப்புத்தகத்தையும் மற்றதையும் மெல்ல ஒதுக்கிவிட்டு, நூலகத்துக்கான காதல் நாவல்களில் இறங்கினார். நூலகம் வாங்கினால் உறுதியாக வாங்கும், கடைக்காரர் மாதிரி விற்காததைத் திருப்பி அனுப்பாது. அதனால் எத்தனை பிரதி போடலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. பல கைகள் மாறுகிற புத்தகம் என்பதால் பழுப்பு நிறத்தில் உறுதியான பைண்டிங். நூலகத்துக்கு வருகிற பெண்கள் எழுத்தாளர் பெயர் சொல்லாமல் ‘அந்தப் பழுப்புப் புத்தகம்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாசகிக்கு ஒரு நாவல் பிடித்தால், அதே நிறத்தில் இருக்கும் அடுத்ததும் பிடிக்கும் என்ற நம்பிக்கை அங்கே வேர் விட்டது. பிற்காலத்தில் மார்க்கெட்டிங்காரர்கள் ‘பிராண்ட்’ என்று எதைச் சொன்னார்களோ, அது முதலில் ஒரு பைண்டிங் நிறமாகத்தான் இருந்தது.

இந்த வழி கதையையும் பிடித்து இழுத்தது. மருந்துக்கடையின் பெயரில் நடக்கும் நூலகம் முகம் சுளிக்க வைக்கும் புத்தகத்தை அடுக்காது. சரி, முத்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் வார இதழ்கள். ‘உமன்ஸ் வீக்லி’யில் தொடராக வந்துவிட்டுப் பிறகு புத்தகமாவது பல நாவல்களுக்கு வழக்கமாயிற்று. அந்த இதழின் ஆசிரியர் வினிஃப்ரெட் ஜான்சன் தன் வாசகிகள் எதைத் தாங்குவார்கள், எதற்குக் கடிதம் எழுதித் திட்டுவார்கள் என்று தெளிவாகத் தெரிந்தவர். கதையின் போக்கில் அவருடைய கையும் இருந்தது. ஒவ்வொரு வாரப் பகுதியும் ஒரு கேள்வியில் நிற்க வேண்டும், அடுத்த வாரம் இதழை வாங்க வைக்க வேண்டும். அப்படி எழுதிப் பழகிய கை, புத்தகம் எழுதும்போதும் அதே வேகத்தில்தான் எழுதும். இந்த நாவல்களைக் கீழே வைக்க முடியவில்லை என்று வாசகிகள் சொல்வதற்கு இந்தத் தொடர்கதைப் பயிற்சியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் காகிதத்துக்கு ரேஷன் வந்தது. கேட்பவர்கள் பெருகினார்கள், அச்சடிக்கக் காகிதம் இல்லை. 1943ல் சார்லஸ் பூன் இறந்தார். அதன்பின் மகன்களில் ஜான் பூன் வியாபாரத்தையும், ஆலன் பூன் பதிப்பாசிரியர் பணியையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆலன் பூனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். தமக்குக் கையெழுத்துப் பிரதி அனுப்பும் பெண்களுக்குக் கடிதம் எழுதி, ரிட்ஸ் ஹோட்டலில் விருந்து கொடுத்து, எழுத்தைத் திருத்தி வளர்த்தவர் அவர். இந்த வகை நாவலுக்கு இரண்டு விதிகளை அவர் வைத்திருந்தார். முதலாவதுக்கு, பெர்சி லப்பாக் என்ற விமர்சகரின் பெயரால் ‘லப்பாக் விதி’ என்று பெயர்: கதையைக் கதாநாயகியின் கண் வழியாகவே சொல்ல வேண்டும். இரண்டாவது ‘ஆல்ஃபா ஆண்’: கதாநாயகன் வலிமையும் அதிகாரமும் உள்ளவனாக இருக்க வேண்டும். இரண்டாவது விதியை வைத்து இந்த நாவல்களைத் திட்டியவர்கள் ஏராளம். அதில் நியாயமும் உண்டு. முதல் விதியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெண் என்ன பார்க்கிறாள், என்ன நினைக்கிறாள், எதைக் கண்டு கோபப்படுகிறாள் என்பது மட்டுமே. ஆண் மனதில் என்ன ஓடுகிறது என்பது கடைசி அத்தியாயம் வரை அவளுக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது. லட்சக்கணக்கான பெண்களைத் திரும்பத் திரும்ப இழுத்தது, கதாநாயகனின் தோள் அகலத்தைவிட இந்தப் பார்வைதான் என்பது என் துணிபு.

1950களில் ஆஸ்பத்திரிக் கதைகள் ஓடின. டாக்டர், நர்ஸ், இரவு டூட்டி. பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை 1948ல் தொடங்கியிருந்தது. நர்ஸ் வேலை என்பது சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கௌரவமான சொந்தச் சம்பாத்தியம். எழுதியவர்களில் சிலரும் நர்ஸாக இருந்தவர்களே. பெட்டி நீல்ஸ் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல காதல் நாவலே கிடைப்பதில்லை என்று நூலகத்தில் ஒரு பெண் குறைப்பட்டுக்கொண்டதைக் கேட்டு எழுத உட்கார்ந்தார். முதல் நாவல் 1969ல் வந்தது, கடைசியில் மொத்தம் 134 நாவல்கள்.

இந்த ஆஸ்பத்திரிக் கதைகள்தான் நிறுவனத்தைக் காப்பாற்றின. காப்பாற்றியது கனடாவிலிருந்து வந்த ஒரு கடிதம் வழியாக.

கனடாவின் வின்னிபெக் நகரில் 1949ல் ரிச்சர்டு பானிகாசிலும் இன்னும் சிலரும் சேர்ந்து ஹார்லெக்வின் என்ற பேப்பர்பேக் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். துப்பறியும் கதை, கௌபாய் கதை, சமையல் குறிப்பு, அகதா கிறிஸ்டி, சாமர்செட் மாம் என்று கலவையாக மறுபதிப்பு போடுகிற சிறிய வியாபாரம். பானிகாசிலின் மனைவி மேரி கையெழுத்துப் பிரதிகளைப் படித்துப் பிழை திருத்துவார். அவரும், அலுவலகத்தில் செயலாளராக இருந்த ரூத் பால்மரும் ஒன்றைக் கவனித்தார்கள்: போட்டவற்றிலேயே நன்றாக விற்றவை ஆஸ்பத்திரிக் காதல் கதைகள். 1957ல் பால்மர் லண்டனுக்குக் கடிதம் எழுதி மறுபதிப்பு உரிமை கேட்டார். ஆன் விண்டனின் ‘த ஹாஸ்பிட்டல் இன் புவாம்போ’ அந்த ஆண்டே ஹார்லெக்வின் அட்டையில் வெளிவந்தது. 1964க்குள் ஹார்லெக்வின் காதல் நாவலைத் தவிர வேறெதையும் போடாத நிறுவனமாகிவிட்டது. நிறுவன வரலாற்றில் முதலாளிகளின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. கணக்கைப் பார்த்துப் போக்கை மாற்றியது இந்த இரண்டு பெண்கள்.

இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை என்பது வியப்பான விஷயம். பானிகாசில் வருடா வருடம் லண்டன் வந்து ரிட்ஸில் ஆலன் பூனோடு மதிய உணவு சாப்பிடுவார். கைகுலுக்கினால் இன்னொரு வருடத்துக்கு ஏற்பாடு நீடிக்கும். எதை எடுப்பது என்பதை மேரி பானிகாசில் முடிவு செய்தார். அவருக்குச் சூடான காட்சிகள் பிடிக்காது, அப்படிப்பட்டவற்றைத் தள்ளிவிடுவார். கணவர் ஒரு தடவை கொஞ்சம் துணிச்சலான நாவல் ஒன்றைப் படித்துப் பார்த்தார், அவருக்குப் பிடித்திருந்தது. உடனே சந்தையில் ஒரு சோதனை வைத்தார்கள். அடக்கமான நாவலைவிட அது கூடுதலாக விற்றது. இப்படித் தள்ளப்பட்டுக் கிடந்த எழுத்தாளர்களுக்காக 1973ல் ‘ஹார்லெக்வின் பிரசன்ட்ஸ்’ என்ற தனி வரிசை வந்தது. ஆன் ஹாம்ப்சன், ஆன் மேத்தர், வயலட் வின்ஸ்பியர் ஆகிய மூவரை வைத்துத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் பிரிட்டனில் பழைய வழி அடைபட்டுவிட்டது. டபிள்யூ.எச். ஸ்மித் தன் நூலகத்தை 1961ல் மூடியது, பூட்ஸ் 1966ல் மூடியது. நூலகத்தையே நம்பியிருந்த பதிப்பகங்கள் பல காணாமல் போயின. மில்ஸ் அண்ட் பூனுக்குக் கனடா பேப்பர்பேக் என்ற ஒரு வாசல் திறந்திருந்தது. 1971ல் ஹார்லெக்வினே மில்ஸ் அண்ட் பூனை வாங்கிக்கொண்டது. வின்னிபெக்கில் மறுபதிப்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள் லண்டன் மூலப் பதிப்பகத்துக்கே உரிமையாளரானார்கள். ஆலன் பூனும் ஜான் பூனும் தொடர்ந்து வேலையில் இருந்தார்கள்.

அதே ஆண்டு லாரன்ஸ் ஹெய்சி ஹார்லெக்வினின் தலைவராக வந்தார். அவர் வந்தது ப்ராக்டர் அண்ட் கேம்பிளிலிருந்து, அதாவது சோப்பு வியாபாரத்திலிருந்து. காதல் நாவல் வாங்குகிற பெண் புத்தகக் கடைக்குப் போவதில்லை, சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறார். அப்படியென்றால் புத்தகமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சலவைத்தூள் வாங்கினால் ஒரு நாவல் இலவசம். அன்னையர் தினத்தன்று மெக்டொனால்ட்ஸில் ஒரு நாவல் இலவசம். சாம்பிள் கொடுத்துச் சோப்பு விற்பது போலவே. பிறகு தபால் சந்தா வந்தது: மாதாமாதம் பார்சல் வீட்டுக்கே வரும். டொரன்டோ ஸ்டார் பத்திரிகையின் சொந்தக்கார நிறுவனமான டார்ஸ்டார் 1975ல் பெரும்பான்மைப் பங்கையும் 1981ல் மீதியையும் வாங்கியது.

இந்த முறை எப்படி ஓடியது என்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் கதையின் அளவு ஏன் அப்படி இருந்தது என்று விளங்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் வரிசை எண் உண்டு. ஒவ்வொரு மாதமும் ஒரே எண்ணிக்கையில் புதிய நாவல்கள், ஒரே பக்க அளவு, ஒரே தடிமன். கம்பி ரேக்கில் ஒவ்வொரு வரிசைக்கும் எத்தனை பாக்கெட் என்பது முன்பே தெரியும். மாத முடிவில் கடைக்காரர் விற்காத பிரதிகளை முழுசாகத் திருப்பி அனுப்ப மாட்டார், அது செலவு. முன்னட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்வார், மிச்சம் குப்பை. மற்ற பேப்பர்பேக்குகளைவிட ஹார்லெக்வினுக்கு இந்தத் திரும்பல் குறைவு. எழுத்தாளர் யாரானாலும் வரிசையையே வாங்குகிற நிலையான கூட்டம் இருந்ததால் எவ்வளவு அடிப்பது என்று தெரிந்தே அடித்தார்கள். அந்தப் பக்கம் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய நாவலுக்கு இந்தப் பக்கம் ஒரே மாதம்தான் ரேக்கில் இடம். பிரிட்டனில் 2003ல் முடிந்த எம்6 டோல் சாலையின் தாரில் கலக்க, கூழாக்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் பிரதிகள் சுமார் 25 லட்சம் பயன்பட்டன. செய்தித்தாள்கள் இதைக் கேலியாக எழுதின. எனக்கு அதைக் கேலியாகப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு படிக்கப்பட்ட ஒரு வகை எழுத்தைப் பாதுகாத்து வைக்க எந்த வழியும் செய்யப்படவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவில் இவர்களுடைய புத்தகங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோனது சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனம். அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டு சொந்தமாக விற்க ஹார்லெக்வின் முடிவு செய்தது. கையில் விற்பனை ஆட்களும் கடைத் தொடர்பும் இருக்க, விற்கப் புத்தகம் இல்லாமல் போன சைமன் அண்ட் ஷூஸ்டர், 1980ல் ‘சில்வெட்’ என்ற போட்டி வரிசையைத் தொடங்கியது. அதன் அட்டை ஹார்லெக்வின் பிரசன்ட்ஸ் அட்டையைப் போலவே இருந்ததால் ஹார்லெக்வின் வழக்குப் போட்டு வென்றது. அட்டையை மாற்ற வைத்தார்கள். எழுத்தாளர்களைத் தடுக்க முடியவில்லை. ஹார்லெக்வின் அதுவரை பெரும்பாலும் பிரிட்டிஷ் எழுத்தாளர்களை நம்பியிருந்தது, அமெரிக்கரில் ஜேனட் டெய்லி இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க எழுத்தாளர் நோரா ராபர்ட்ஸ் அனுப்பிய நாவலுக்கு ‘எங்களிடம் அமெரிக்க எழுத்தாளர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்ற பொருளில் பதில் வந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1981ல் அவரைச் சில்வெட் வெளியிட்டது.

அமெரிக்கப் பெண்கள் எழுதத் தொடங்கியதும் கதாநாயகிக்கு வயது கூடியது, வேலை வந்தது, கட்டிலறைக் கதவு திறந்தது. நான்கே ஆண்டு சண்டைக்குப் பிறகு, 1984ல், ஹார்லெக்வின் சில்வெட்டையே வாங்கிவிட்டது. போட்டி முடிந்ததும் எழுத்தாளர்களுக்குப் பேரம் பேச இருந்த இடமும் சுருங்கியது.

இந்தக் காலத்தில் பேச வேண்டிய இன்னொருவர் விவியன் ஸ்டீபன்ஸ். கறுப்பினப் பெண், டெல் பதிப்பகத்தில் இருந்தபோது, கறுப்பினக் காதலர்களை மையமாக வைத்துக் கறுப்பின எழுத்தாளர் எழுதிய காதல் நாவலை 1980ல் கொண்டுவந்தவர். பின்பு ஹார்லெக்வினுக்கு வந்து அமெரிக்கக் கதைகளுக்கான வரிசையை உருவாக்கினார். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கத்தை நிறுவியவர்களிலும் ஒருவர். 1985ல் சாண்ட்ரா கிட் எழுதிய நாவல் ஹார்லெக்வினில் வந்தபோதுதான், அதன் பட்டியலில் முதல் கறுப்பின எழுத்தாளர் இடம்பெற்றார். நிறுவனம் தொடங்கி 36 ஆண்டுகள் கழித்து! எல்லாப் பெண்களுக்கும் கதை விற்ற நிறுவனத்துக்கு இது சிறிய தாமதம் இல்லை.

எழுத்தாளர்களின் நிலைமையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. வரிசைதான் விற்கிறது என்றால் எழுதியவரின் பேரம் பலவீனம்தானே? ஹார்லெக்வின் ஒப்பந்தங்களில் புனைபெயர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும்படி நெடுங்காலம் எழுதி வைத்தார்கள். எழுத்தாளர் வேறு இடத்துக்குப் போனால் பெயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பத்து வருடம் சேர்த்த வாசகிகள் அந்தப் பெயரோடு அங்கேயே நின்றுவிடுவார்கள். சங்கம் வந்து சத்தம் போட்ட பிறகே இது தளர்ந்தது.

1989ல் பெர்லின் சுவர் விழுந்தபோது கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பெண்களுக்கு லட்சக்கணக்கில் நாவல்களை இலவசமாகக் கொடுத்தார்கள்; சலவைத்தூள் காலத்து உத்திதான். மில்ஸ் அண்ட் பூனின் நூற்றாண்டான 2008ல் இந்தியாவிலேயே வெளியிடத் தொடங்கினார்கள்.

அப்புறம் மின்னூல். புதிய வெளியீடுகள் அனைத்தையும் மின்னூலாகவும் தருவது என்று 2007லேயே ஹார்லெக்வின் இறங்கியது. பெரிய பதிப்பகங்களில் இவ்வளவு சீக்கிரம் இறங்கியவர்கள் அரிது. காரணம் எளிது. வேகமாகப் படித்து மாதத்துக்குப் பல நாவல் வாங்குகிற வாசகி, அலமாரியில் இடம் இல்லாத வாசகி, பேருந்தில் அட்டையை மறைத்துப் படிக்க வேண்டியிருந்த வாசகி எல்லோருக்கும் திரை வசதி. ஆனால் இதே மின்னூல்தான் எழுத்தாளர்களோடு பெரிய மனக்கசப்பையும் கொண்டுவந்தது. பழைய ஒப்பந்தங்களின்படி மின்னூல் வருமானத்தில் பாதி தங்களுக்கு வர வேண்டும் என்றும், உரிமையைத் தன் துணை நிறுவனம் ஒன்றுக்குக் குறைந்த தொகைக்குக் கொடுத்து அந்தச் சிறிய தொகையில்தான் ஹார்லெக்வின் பாதி தருகிறது என்றும் எழுத்தாளர்கள் 2012ல் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2014ல் மேல்முறையீட்டில் வழக்கின் ஒரு பகுதிக்கு உயிர் வந்தது. பிறகு அது பணம் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது.

அந்த 2014லேயே டார்ஸ்டார் ஹார்லெக்வினை நியூஸ் கார்ப்புக்கு 45.5 கோடி கனடா டாலருக்கு விற்றது. இப்போது அது நியூஸ் கார்ப்பின் பதிப்பகமான ஹார்ப்பர்காலின்ஸின் ஒரு பிரிவு. சூப்பர்மார்க்கெட் ரேக்குகள் சுருங்கியதும் வரிசைகள் சிலவற்றை மூடினார்கள். சொந்தமாகவே மின்னூல் வெளியிட முடிந்ததும் காதல் நாவலாசிரியர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். பழைய நாவல்களின் உரிமையைத் திரும்ப வாங்க முடிந்தவர்கள் தாங்களே அட்டை போட்டு விற்கிறார்கள். அவர்களுக்கு இனி பக்க அளவுக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு மாதக் கெடு கிடையாது, ராயல்டி கணக்கும் அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஓடுகிறது. மில்ஸ் அண்ட் பூனும் ஹார்லெக்வினும் மாதாந்தர வரிசைகளை இன்னும் விடவில்லை. சந்தா கட்டிய வாசகிகளுக்குப் பார்சல் போய்க்கொண்டுதான் இருக்கிறது.